நிற்காத மோட்டர்

மோட்டர் ஓடவில்லை என்றுதான் எல்லோரும் எங்களுக்குத் தொலைபேசி எடுப்பார்கள். கிளிநொச்சியில் வெயிலில் ஓடும் சோலர் மோட்டர்களை விற்று, கிணற்றில் பூட்டியும் கொடுக்கும் ஒரு சிறிய கடையில் நான் அப்போது திருத்த வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடவில்லை, தண்ணீர் மெல்லிசாக வருகிறது, எலி வயரைக் கடித்துவிட்டது, குரங்கு சோலர் பனலில் ஏறிக் குதிக்கிறது. இவற்றுக்கு வெளியே ஒரு முறைப்பாடு வந்ததாக எனக்கு நினைவில்லை. எண்ணெய் இல்லாமல் நாடே நின்றுபோன அந்த வருசம், ஆடி மாதத்தில் ஒரு காலை, ஓர் ஆண் குரல் எடுத்துச் சொன்னது:

“மோட்டர் நிக்குதில்லை. ஒருக்கா வந்து பாருங்கோ.”

“ஓடுதில்லையோ?”

“ஓடுது. நிக்குதில்லை.”

இடம் ஸ்கந்தபுரம் என்றார். எந்த ஒழுங்கை, வாசலில் என்ன மரம் என்றெல்லாம் விவரமாகச் சொன்னார். பெயரைக் கேட்பதற்குள் வைத்துவிட்டார். எனக்கு முன்னால் கடையில் வேலை செய்தவர் பூட்டிய மோட்டர் அது. அவர் கனடா போய்விட்டார். அந்த வீட்டாரை நான் கண்டதில்லை.

சோலர் மோட்டரை நிறுத்துவதற்கு ஒன்றும் பெரிய வித்தை தேவையில்லை. மோட்டரை இயக்கும் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சுவிச் இருக்கும். அதன் பிடியைக் கீழே இழுத்தால் நின்றுவிடும். மேலே தள்ளி விட்டுவிட்டால் பிறகு நாம் பார்க்கத் தேவையில்லை. காலையில் வெயில் ஏற அதுவாகவே தொடங்கி, பொழுதுபடத் தானாக நிற்கும். சுவிச் சூட்டில் உருகி ஒட்டிப்போயிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, திருகு சாவிகளையும் ஒரு புதுச் சுவிச்சையும் பையில் போட்டேன். மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் இல்லை. சைக்கிளில்தான் போனேன்.

அந்தப் பயணம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆடி மாதம் என்றால் வன்னியில் தோட்டக் காணிகள் உள்ள பக்கமெல்லாம் மண்ணெண்ணெய் மிசின்கள் இறைக்கிற சத்தம் கேட்கும். ஒன்று நிற்க மற்றொன்று தொடங்கும். சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு, அது ஒரு சத்தம் என்றே நான் நினைத்ததில்லை. அன்றைக்கு அக்கராயன் பக்கம் தாண்டியதும் ஒன்றும் கேட்கவில்லை. பஸ் இல்லை, உழவு இயந்திரம் இல்லை, மிசின் இல்லை. சோழகக் காற்றும் என் சைக்கிள் சங்கிலியும்தான். தோட்டங்களில் மிளகாய்க் கன்றுகள் தலை தொங்கி நின்றன. வரம்பில் குந்தியிருந்த ஒருவர் நான் கடந்து போகும்வரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டவும் இல்லை.

வீட்டை அடையும்போது உச்சி வெயில். வேலிக்கு வெளியே எல்லாம் காய்ந்து கிடக்க, அந்த வளவு மட்டும் கண்ணைக் குத்துகிற பச்சையாக இருந்தது. கொஞ்சம் கிட்டப் போனபோதுதான் அது பயிர்ப் பச்சை இல்லை என்று தெரிந்தது. கோரையும் புல்லும் இடுப்பளவுக்கு வளர்ந்திருந்தன. வாழைகள் தண்ணீருக்குள் நின்று அடி அழுகிச் சரிந்திருந்தன. காணியின் தாழ்ந்த மூலையில் ஒரு சின்னக் குளம்போல நீர் தேங்கி, கொக்குகள் வரிசையாக நின்றன. காய்ந்துபோன ஊரின் நடுவில் அவ்வளவு கொக்குகளை ஒரே இடத்தில் பார்க்க எனக்கு என்னவோ செய்தது. எங்கோ உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் ஓயாமல் கேட்டது.

கூப்பிட்டேன். ஐம்பதை ஒட்டிய ஓர் அக்கா குசினிப் பக்கத்திலிருந்து வந்தார். முகம் அமைதியாக இருந்தது. தலை வாரி, துப்புரவான உடுப்பு உடுத்தியிருந்தார். மோட்டர் பார்க்க வந்ததாகச் சொன்னேன்.

“அவர் கிணத்தடியிலை நிக்கிறார் தம்பி,” என்றார். “இப்ப சாப்பிட வந்திடுவார். வெயிலுக்கை போகாமல் இருங்கோ.”

விறாந்தையில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். குடிக்கத் தண்ணீர் தந்தார். நல்ல குளிர்ந்த கிணற்றுத் தண்ணீர். தொலைபேசி எடுத்த மனிதர் வரட்டும் என்று நானும் இருந்தேன். திறந்திருந்த கதவுக்குள்ளால் உள்ளறை தெரிந்தது. நிலத்தில் ஒரு பாய் விரித்து, அதற்கு முன்னால் ஒரு சோற்றுக் கோப்பையைக் கவிழ்த்து வைத்திருந்தது.

சிறிது நேரத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் மெலிந்தது. பிறகு அறவே நின்றது. அதுவரை அந்தச் சத்தம் என் காதை நிறைத்திருந்தது என்பது அது போன பிறகுதான் தெரிந்தது.

“வாறார்,” என்றார் அக்கா. எழும்பி உள்ளே போனார். கோப்பையை நிமிர்த்திச் சோறு போட்டார். கறிகளை ஒவ்வொன்றாக வைத்தார். பாய்க்குப் பக்கத்தில் இருந்துகொண்டு சோற்றில் மொய்க்க வந்த இலையான்களை விசிறியால் துரத்தினார். நான் பின்பக்கத்து நடைபாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் வரவில்லை.

உள்ளே அவர் மெல்லிய குரலில் கதைத்துக்கொண்டிருந்தார். “இண்டைக்கு வெயில் கூடவெல்லே. அதுதான் நேரத்தோடை வந்திட்டியள்... முருங்கைக்காய் பக்கத்து வீட்டிலை தந்தவை...”

பின்கதவால் ஆள் வந்திருக்கலாம், நான் காணவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் எழும்பிப் போய்ப் பார்க்கவில்லை. அப்படியே எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. பிறகு கிணற்றடிப் பக்கம் ஓர் இருமலைப்போல ஒரு சத்தம் கேட்டது. குழாயில் காற்று வெளியேறுகிற சத்தம்தான், எனக்கு அது பழக்கம். தொடர்ந்து தண்ணீர் விழத் தொடங்கியது.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். “போட்டார். நீங்கள் இனிப் போய்ப் பாருங்கோ தம்பி.”

நடைபாதையால் போனேன். இரண்டு பக்கமும் கோரை. கிணற்றடியில் ஒருவரும் இல்லை. “அண்ணை,” என்று கூப்பிட்டேன். கொக்குகள் மட்டும் ஒருமுறை எழும்பிப் பறந்து திரும்ப வந்து இருந்தன. பனல்கள் பூட்டிய இரும்புச் சட்டத்தில் ஆண்கள் உடுக்கும் சாரம் ஒன்று தோய்த்துக் காயப் போட்டிருந்தது. கிணற்றுக் கட்டின் ஓரத்தில் ஒரு சோடி ஆண்களின் செருப்பு, முனைகள் கிணற்றைப் பார்த்தபடி இருந்தது. ஓடிப்போய்க் குனிந்து உள்ளே பார்த்தேன். அடியில் கொஞ்சம் தண்ணீர், அதற்குள் மோட்டரின் கயிறு. வேறு ஒன்றும் இல்லை. நிமிர்ந்தபோது பனல்களைக் கண்டேன். சோழகம் வீசுகிற மாதத்தில் பனல் எல்லாம் செம்மண் புழுதி படிந்து கிடக்கும். இவை துடைத்த கண்ணாடியாக மின்னின.

வேலை பார்க்கத் தொடங்கியதும் பயம் கொஞ்சம் குறைந்தது. பெட்டியைத் திறந்து பார்த்த உடனே நடப்பது விளங்கிவிட்டது. கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கினால், மோட்டர் எரிந்துபோகாமல் இருக்க இந்தப் பெட்டி அதை நிறுத்திவிடும். ஊற்று ஊறி மட்டம் உயர்ந்ததும் தானே திரும்ப ஓடவிடும். காலையிலிருந்து இறைத்த இறைப்பில் மத்தியானம் கிணறு வற்றுகிறது, மோட்டர் நிற்கிறது. வெயில் கூடிய நாளில் வேகம் கூட, அதனால் நேரத்தோடு வற்றும். முகில் உள்ள நாளில் பிந்தும். பின்னேரம் வெயில் சாய்ந்துவிடுவதால் மறுபடி வற்றுகிற அளவுக்கு இறைக்காது. எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது. சுவிச்சிலும் பார்வைக்கு ஒரு பழுதும் தெரியவில்லை. ஆனால் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்ட மனிதர் எங்கே?

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது, பக்கத்து வளவின் வேலியோரம் நின்ற ஒருவர் கையைக் காட்டிக் கூப்பிட்டார். வாயைத் திறந்ததும் தொலைபேசியில் கேட்ட குரல் என்று மட்டிட்டேன்.

“நான்தான் எடுத்தனான் தம்பி. பெட்டியிலை உங்கடை கடை நம்பர் ஒட்டிக் கிடந்தது.”

“அப்ப அந்த வீட்டு அண்ணை?”

அவர் வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “அந்தாள் செத்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிஞ்சுது.”

சாரம் நினைவுக்கு வந்தது. செருப்பும். சைக்கிளை வேலியில் சாத்தினேன்.

அவர் வேலியோர மர நிழலுக்கு என்னைக் கூட்டிப்போய், இருத்திச் சொன்னார். மண்ணெண்ணெய்க்கு அலைய ஏலாது என்றுதான் அந்த மனிதர் சோலர் பூட்டினாராம். பூட்டிய நாளிலிருந்து ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லையாம். இனி வெயில் இருக்கும் மட்டும் எனக்கு ஒருத்தரும் தேவையில்லை என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தாராம். ஆனால் காணியை உழுவதற்கு, கையால் பிடித்து உழுகிற சின்ன உழவு மிசின் ஒன்று வைத்திருந்தார். அதற்கு டீசல் வேண்டும். ஒரு நாள் காலமை தோட்டத்துக்குத் தண்ணீர் பாயட்டும் என்று மோட்டர் சுவிச்சைப் போட்டுவிட்டு, டீசல் வாங்கும் கானைத் தூக்கிக்கொண்டு பெற்றோல் செட்டுக்குப் போனார்.

“வரிசையிலை கானை வச்சிட்டு மதிலோரம் சாஞ்சு இருந்தவர். நானும் அந்த வரிசையிலை பின்னாலை நிண்டனான். வரிசை நகர நகர, ஆக்கள் அவற்றை கானையும் காலாலை தள்ளி முன்னுக்கு விட்டுக்கொண்டு போச்சினம். நித்திரை எண்டுதான் எல்லாரும் நினைச்சது. கான் பம்புக்குக் கிட்டப் போனாப் பிறகுதான் எழுப்பினவை.”

அவர் வேலியிலிருந்து ஒரு காய்ந்த ஓலையை இழுத்துப் பிய்த்தார்.

“எழும்பேல்லை. ஆனா அவற்றை முறை வந்திட்டுதெல்லே. கானுக்கு டீசல் அடிச்சுத்தான் தந்தவை. ஆளையும் கானையும் ஒண்டாய்த்தான் வீட்டை கொண்டுவந்தனாங்கள்.”

அன்றைக்கு முழுவதும் மோட்டர் ஓடிக்கொண்டிருந்ததாம். செத்த வீட்டின்போதும் ஓடியது. அதற்குப் பிறகும் ஓடுகிறது. அக்கா ஒருவரையும் சுவிச்சில் கைவைக்க விடுவதில்லை. இவருடைய கிணறு அதற்குப் பக்கத்தில்தான். அதில் தண்ணீர் நாளுக்கு நாள் இறங்குகிறது.

“மண்ணெண்ணெய் இல்லை, இறைக்க வழியில்லை. சரி, நாளைக்கு எண்ணெய் வந்தாலும் இறைக்கக் கிணத்திலை தண்ணி இருக்காது போல,” என்றார். “எங்கடை மிசின் எண்டால் எண்ணெய் முடிய நிக்கும். இது என்னெண்டு நிக்கும், சொல்லுங்கோ?”

மோட்டரை ஓட்டிக் காட்டப் போகிற இடமெல்லாம் நான் சொல்லும் ஒரு வாசகம் உண்டு: எண்ணெய் முடியும், வெயில் முடியாது. அதைக் கேட்டுத்தான் சனம் வாங்கும். முடியாத ஒன்றைக் கொண்டு முடியக்கூடிய ஒன்றை இறைக்கிறோம் என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை.

“ஒரு நாளாவது நீங்கள் போய் நிப்பாட்டிப் பாக்கேல்லையோ அண்ணை?”

அவர் நிலத்தைப் பார்த்தார். பதில் சொன்னது அவருடைய மனிசி. எப்போது வந்து பின்னால் நின்றார் என்று தெரியாது.

“நிப்பாட்டினவர். ஒரு பின்னேரம் வேலி பாஞ்சு போய் இழுத்துவிட்டிட்டு வந்தவர். அடுத்தநாள் காலமை வெயில் ஏறிச்சுது, சத்தம் இல்லை. அவா வெளியிலை வந்து வளவு முழுக்க அவரைக் கூப்பிட்டுக்கொண்டு திரிஞ்சா. அழேல்லை தம்பி. அழுதிருந்தால் தாங்கியிருப்பன். காணாமல் போன மாட்டைத் தேடுற மாதிரி ஒவ்வொரு மரத்தடியாய்ப் போய் நிண்டு கூப்பிட்டா. மத்தியானம் மட்டும் பொறுத்தன். பிறகு நான்தான் போய்ப் போட்டுவிட்டனான்.”

கணவருக்கே அது அப்போதுதான் தெரியும்போல இருந்தது. அவர் மனிசியைத் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எரிவாயு இல்லாமல் விறகடுப்பில் ஊதிக்கொண்டிருந்தவர், “சும்மா கதையளைச் சொல்லிப் பயப்படுத்தாதேங்கோ,” என்றார். கொஞ்ச நேரம் ஊதிவிட்டுத் தலையை நிமிர்த்தினார். “என்ன கறி வச்சவா?”

“முருங்கைக்காய். பருப்பு. ஏதோ ஒரு பொரியல்.”

“நாள்தோறும் அவ்வளவும் சமைக்கிறாவோ?” என்றார். பிறகு நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் செய்யக்கூடியது ஒன்று இருந்தது. பெட்டியில் மோட்டரின் வேகத்தைக் குறைத்து வைக்கலாம். ஊறுகிற அளவுக்கு மட்டும் இறைக்கும். கிணறு வற்றாது, பக்கத்துக் கிணறும் தப்பும். ஆனால் கிணறு வற்றாவிட்டால் மோட்டர் மத்தியானத்தில் நிற்காது. இதை அக்காவுக்குத் தெரியாமல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. சில நாள் கழித்து மறுபடி போனேன்.

இந்த முறை கதிரையில் இருந்ததும் நானே தொடங்கினேன். கிணறு இறங்குவதைச் சொன்னேன். பக்கத்துக் கிணற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நான் விசரி எண்டு சொல்லியிருப்பினம்,” என்றார்.

“இல்லை அக்கா. அப்பிடி ஒருத்தரும் சொல்லேல்லை.”

“சொன்னாலும் பரவாயில்லை. அவருக்கு வாய்க்கரிசி போட்டது நான்தான். செத்தவர் எண்டு எனக்குத் தெரியாதோ?” சேலைத் தலைப்பின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். “ஆனா தம்பி, அண்டைக்கு உடம்பு இந்த விறாந்தையிலை கிடக்குது. அவர் காலமை போட்டுவிட்ட தண்ணி அங்கை ஓடுது. பறை அடிக்கேக்கயும் எனக்கு அந்தத் தண்ணிச் சத்தம்தான் கேட்டது. ரெண்டிலை எதை நான் அவர் எண்டு நினைக்கிறது?”

அக்கா தலைப்பை விரலிலிருந்து அவிழ்த்தார்.

“அவர் போட்ட போடு. இண்டைவரைக்கும் வேறை ஒரு கை அதிலை படேல்லை. இடையிலை ஒருநாள் நிண்டது. நான் பட்ட பாடு கடவுளுக்குத்தான் தெரியும். பிறகு தானாய் ஓடிச்சுது.”

வேலிக்கு அப்பால் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“வேகத்தைக் குறைச்சால்,” என்று அவரே கேட்டார், “மத்தியானம் நிக்குமோ?”

“நிக்காது அக்கா. பொழுதுபடும் மட்டும் ஓடும்.”

அவர் உள்ளறையைப் பார்த்தார். பாய் விரித்துத்தான் இருந்தது. நெடுநேரம் பார்த்தார். நான் எழும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

“அந்தப் பிள்ளை முருங்கைக்காய் தாறது,” என்றார் கடைசியில், பக்கத்து வீட்டு மனிசியைக் குறித்து. “அதின்ரை மிளகாய்க் கண்டெல்லாம் வாடிப்போச்சு. குறையுங்கோ.”

வேகத்தை மாற்றுவதென்றால் மோட்டரை நிறுத்த வேண்டும். கிணற்றடிக்குப் போய்ச் சுவிச்சின் முன்னால் நின்றேன். நூற்றுக்கணக்கான தடவை செய்த வேலை. கை நீளவில்லை. வெயிலில் பிடி கொதித்துக் கிடந்தது, தொட்டதும் ஓர் ஆளின் சூடு போலத்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். தண்ணீர் நின்றது. அந்த அமைதியில் கோரைகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம், யாரோ நடந்து வருவதுபோல, என் முதுகுப் பக்கமாகவே கேட்டது. காற்றுத்தான். திரும்பிப் பார்க்காமல் வேலையை முடித்தேன்.

பெட்டியை மூடுவதற்கான சாவி விறாந்தையில் என் பைக்குள் இருந்தது. எடுக்க வந்தேன். பின்கதவடியால் வந்தபோது, உள்ளே எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சோறு போட்டுக்கொண்டிருந்த அக்கா, திரும்பாமலே சொன்னார்:

“கையைக் கழுவிப்போட்டு வாங்கோ.”

நான் கதவடியில் நின்றேன். அது எனக்குச் சொன்னது இல்லை. அந்தக் குரல் எனக்குரிய குரல் இல்லை. பல வருசம் ஒரே வீட்டில் இருந்தவருக்குச் சொல்கிற, அரைக் கவனத்தோடு சொல்கிற குரல். ஓடிப்போயிருக்கலாம். ஏனோ நான் கதவடி வாளியில் கையைக் கழுவினேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டு அவருடைய முதுகு விறைத்தது. மெதுவாகத் திரும்பினார். என்னைக் கண்டார். ஒரு கணம் அவருடைய முகத்தில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. ஏமாற்றம் மட்டும் இல்லை.

அகப்பையைச் சட்டிக்குள் வைத்தார்.

“இருங்கோ தம்பி,” என்றார். “போட்டாச்சு.”

அந்தப் பாயில் இருந்து, அந்தக் கோப்பையில் சாப்பிட்டேன். நல்ல ருசி. அவர் விசிறிக்கொண்டிருந்தார். நான் சாப்பிட்டு முடித்து எழும்பியதும், “போய்ப் போட்டுவிடுங்கோ,” என்றார். போய்ப் பிடியை மேலே தள்ளினேன். தண்ணீர் முன்னைப்போல முழங்கிக்கொண்டு வரவில்லை. அமைதியாக, ஒழுங்காக வந்தது.

அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நீளக் குழாயை வேலிக்குள்ளால் இழுத்து, தன் மிளகாய்க்கும் பயிற்றங்கொடிக்கும் அந்தத் தண்ணீரைப் பாய்ச்சினார். கன்றுகள் தப்பின. கேட்டபோது அக்கா ஒரு சொல்லும் மறுக்கவில்லையாம். இரண்டு கிணறுகளும் மெல்ல மெல்ல ஏறுகின்றன என்று தொலைபேசியில் சொன்னார். நானும் அந்த வீட்டை மறக்கப் பார்த்தேன். ஐப்பசி மழைக்கு முன்னால் அவர் மறுபடி தொலைபேசி எடுத்தார்.

“தம்பி, அது மத்தியானத்திலை திரும்பவும் நிக்குது.”

நான் வைத்த வேகம் பிழைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு போனேன். வளவு மாறியிருந்தது. தேங்கிய குளம் வற்றி, கோரையைப் பாதிக்கு மேல் வெட்டி எரித்திருந்தது. ஒரு துண்டு நிலத்தில் வெண்டியும் கத்தரியும் நட்டிருந்தது. அக்கா மண்வெட்டியோடு நின்றார். நான் கேட்டதும் வெட்கப்பட்டவர்போலச் சிரித்தார். அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

“நான்தான் நிப்பாட்டுறனான் தம்பி. முதல் கொஞ்ச நாள் சோத்தைப் போட்டிட்டுப் பாத்துக்கொண்டு இருந்தன். அது நிக்கேல்லை. சோறு ஆறிப்போகும். ஒருநாள் கோவம் வந்திட்டுது. எழும்பிப் போய், ‘எவ்வளவு நேரம் கூப்பிடுறது, சாப்பிட வாங்கோவன்’ எண்டு இழுத்துவிட்டன். அதுதான் நான் முதல்முதல் அதிலை கை வச்சது. இப்ப சாப்பிட்டு முடிய நானே போய்ப் போட்டுவிடுறன்.”

“நல்லது அக்கா,” என்றேன். “அப்ப மோட்டரிலை பிழையில்லை.”

“பிழையில்லை.” மண்வெட்டியை வரம்பில் சாய்த்தார். “ஆனா சில நாள் நான் போக முதலே நிண்டிருக்கும்.”

“முகில் மறைச்சிருக்கும் அக்கா.”

“பிடி கீழை இருக்கும் தம்பி.”

கிணற்றைப் பார்த்தேன், மட்டம் நன்றாக இருந்தது. சுவிச்சைக் கழற்றிப் பார்த்தேன். பிடி இறுக்கமாக இருந்தது. காற்றுக்கோ பறவைக்கோ அசையாது. வேலியடிக்குப் போய் பக்கத்து வீட்டு மனிசியிடம் மெல்லக் கேட்டேன். “ஐயோ, நான் அந்த ஒருநாள்தான் தம்பி, சத்தியமாய்,” என்றார். அவருடைய முகத்தில் பொய் தெரியவில்லை. புருசன்காரர் தலையை இல்லையென்று ஆட்டினார். மூவரும் பனல்கள் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தோம். பட்டப்பகல். நல்ல வெயில்.

திரும்பி வந்து, புதுச் சுவிச் ஒன்றைப் பூட்டிவிடட்டோ என்று அக்காவைக் கேட்டேன். பெட்டிக்குள் வைத்துப் பூட்டுப் போடக்கூடியது, திறப்பு உங்களிடம்தான் இருக்கும், வேறு ஒருவரும் தொட ஏலாது என்றேன்.

அவர் வெண்டிக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். காலால் மண்ணைத் தள்ளி ஒரு மடையை அடைத்து, அடுத்ததைத் திறந்தார்.

“வேண்டாம் தம்பி,” என்றார். “அது அப்பிடியே இருக்கட்டும்.”

சாவிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஒரு பை வெண்டிக்காய் பிடுங்கித் தந்தார். வாங்கிக்கொண்டு, மத்தியானம் ஆவதற்குள் வெளிக்கிட்டேன்.